மாதாமாதம் பெருக்கியும் தெரு ஏன் நான்கே நாளில் குப்பையாகிறது?

கேள்வி: மாதத்தில் ஒரு ஞாயிறு தெருக்காரர்கள் எல்லோரும் கூடிச் சுத்தம் செய்கிறோம். வியாழனுக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?

பெருக்குவதில் தப்பில்லை. அள்ளிய குப்பை எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் மூட்டை கட்டிவிடுவதுதான் தப்பு. அடுத்த முறை அள்ளும்போது கவனியுங்கள். காய்கறித் தோல், காலி மாத்திரை அட்டை, கிழிந்த பை என்றால் அது வீட்டுக் குப்பை. காகிதக் கோப்பை, தின்பண்ட உறை, சிகரெட் துண்டு என்றால் நடந்துபோனவர்கள் போட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

வீட்டுக் குப்பை தெருவுக்கு வருவதற்குப் பெரும்பாலும் நேரக் கோளாறுதான் காரணம். வண்டி எட்டு மணிக்கு வரும். ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர் என்ன செய்வார்? முதல் நாள் இரவே பையை வாசலில் வைப்பார், அல்லது போகிற வழியில் ஒரு மூலையில் வீசுவார். இரவில் வைத்த பையை நாய் கிழிக்கும், காக்கை இழுக்கும், மிச்சத்தைக் காற்று பரப்பும். இவர்களைத் திட்டிப் பயனில்லை. பக்கத்து வீட்டில் ஒப்படைக்கவோ, மூடியுள்ள பொதுத் தொட்டி ஒன்றில் போடவோ ஏற்பாடு செய்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். வண்டி போன கையோடு ஒரு நடை நடந்து பாருங்கள். ஏற்றும்போது சிந்தியதே ஒரு முறம் தேறும்.

நிரந்தரக் குப்பைமேடாகிப்போன மூலை இருக்கிறதே, அது தனிக் கதை. எந்த வீட்டு வாசலும் பார்க்காத, வெளிச்சமில்லாத, ஏற்கெனவே குப்பை கிடக்கிற இடமாகத்தான் அது இருக்கும். அரைகுறையாக அள்ளினால் அன்று மாலையே நிரம்பும். ஒரே நாளில் முழுவதும் அள்ளி, ஊறிப்போன மேல்மண்ணையும் சுரண்டி எடுத்து, சுவரைக் கழுவி, அன்றைக்கே ஒரு விளக்கும் போட்டுவிட வேண்டும். அதன்பின் மூன்று வாரமாவது, யாராவது ஒரு பை வைத்தால் மணிக்கணக்கில் விடாமல் உடனே எடுத்துவிடுங்கள். அந்த முதல் பைதான் அடுத்த பத்துப் பைகளைக் கூப்பிடும். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் செய்து 2008இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. நிறுத்தியிருந்த சைக்கிள்களில் விளம்பரத் தாள்களை மாட்டிவைத்தார்கள். அருகிலிருந்த சுவர் சுத்தமாக இருந்தபோது 33 விழுக்காட்டினர் தாளை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். சுவரில் கிறுக்கியபின் அது 69 ஆனது. இதே காரணத்தால், ‘எல்லோரும் இங்கே குப்பை கொட்டுகிறார்கள்’ என்று புலம்பும் பலகை வேண்டவே வேண்டாம். கொட்டுவதுதான் இங்கே வழக்கம் என்று அதுவே சொல்லிக்கொடுக்கும். ‘குப்பையை இந்த இடத்தில், இந்த நேரத்தில் கொடுக்கவும்’ என்று எழுதுங்கள்.

நடந்துபோகிறவர்களுக்குத் தொட்டி வேண்டும். ஆனால் இடம் பார்த்து. உறையைக் கடை வாசலிலேயே கிழிப்பார்கள், கோப்பையைக் கொஞ்ச தூரம் நடந்தபின்தான் காலி செய்வார்கள். எது எங்கே அதிகம் கிடக்கிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு, அங்கேயே தொட்டியை வையுங்கள். வாய் பதினைந்து சென்டிமீட்டர் அளவில் போதும்: கோப்பை நுழையும், வீட்டுப் பை நுழையாது. மேலே மூடி, அடியில் மழைநீர் வடிய இரண்டு மூன்று துளை. தினமும் காலி செய்ய ஆள் உறுதியாகவில்லையென்றால் தொட்டியே வைக்காதீர்கள். நிரம்பி வழியும் தொட்டியைச் சுற்றித்தான் அடுத்த குப்பைமேடு முளைக்கும்.

மாதம் ஒருமுறை நான்கு மணி நேரம் என்பதை வாரம் ஒருமுறை ஒரு மணி நேரமாக மாற்றுங்கள். கொசுவுக்காகவும்தான் சொல்கிறேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, கோப்பையில் தேங்கிய நீரில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும்.

வேலை நடக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. குனியாமல் எடுக்க நீளமான இடுக்கி. பையை ஒரு வாளிக்குள் வைத்து விளிம்பில் மடித்துவிட்டால் வாய் திறந்தே நிற்கும். முக்கால் பைக்கு மேல் நிரப்பினால் தூக்கும்போது கிழியும். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று பெருக்குங்கள். வடிகாலுக்குள் தள்ளிவிட்டால் சுத்தமானதாகத் தெரியும். அடுத்த மழையில் அடைத்துக்கொள்ளும். சிகரெட் துண்டின் வடிகட்டி பஞ்சு போலத் தெரிந்தாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். சீக்கிரம் மக்காது, அதையும் பொறுக்கத்தான் வேண்டும். புல் வெட்டுவதென்றால் குப்பையைப் பொறுக்கியபின் வெட்டுங்கள். முன்பே வெட்டினால் ஒரு பிளாஸ்டிக் பை நூறு துண்டாகும். சேர்ந்ததை அங்கேயே கொளுத்துவது கூடவே கூடாது. பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் வெளிவரும்.

ஊசியையும் கண்ணாடிச் சில்லையும் கையுறை போட்ட கையாலும் தொட வேண்டாம். ஊசி கையுறையைத் துளைக்கும். இடுக்கியால் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மேலே எழுதி, தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.