கார்களை இடித்து நொறுக்கும் கேம் ஆடும் பையனைத் தடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ரெக்ஃபெஸ்ட் என்ற கேமை விடாமல் ஆடுகிறான். கார்களை மோதி நொறுக்குவதுதான் அதில் வேலையே. நாளைக்கு ரோட்டிலும் இப்படியே ஓட்டுவானோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்:

நிறுத்த வேண்டாமுங்க. நேரத்தைக் குறையுங்கள், பரீட்சை சமயத்தில் கம்ப்யூட்டரைப் பூட்டி வையுங்கள், அது உங்கள் வீட்டு முறை. ஆனால் ரோட்டில் போய் இடிப்பான் என்ற பயத்துக்காக நிறுத்த வேண்டாம். நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரேஸையாவது முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த ரூமிலிருந்து தகரம் கிழியும் சத்தமும் கண்ணாடி சிதறும் சத்தமும்தான் கேட்டிருக்கும். அதை மட்டும் கேட்டால் பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

நான் சங்ககிரிப் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா லாரிக்கு பாடி கட்டியவர், நான் காருக்கு மாறிவிட்டேன். சேலம் - கொச்சி ரோட்டில் அடிபட்ட வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. "டிங்கர் வேலை செய்கிறவனுக்குப் பிள்ளைகள் மனசு பற்றி என்ன தெரியும்" என்று சிலர் கேட்கலாம். மனசைப் பற்றி நான் பேசவே இல்லை. அடிபட்ட வண்டியைப் பற்றிப் பேசுகிறேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். பட்டறைக்கு இழுத்து வருகிற வண்டிகளில் முக்கால்வாசி விடியற்காலைத் தூக்கம், கையில் போன், இல்லையென்றால் குடி. ஓட்டியவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், கேம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்.

எல்லா கேமும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. பின்லாந்தின் பக்பியர் நிறுவனம் 2004-ல் ஃபிளாட்அவுட் என்று ஒன்று கொண்டு வந்தது. அதில் எதையாவது இடித்தால் நைட்ரோ ஏறும், வண்டி இன்னும் வேகமாகப் பறக்கும். இடிப்பதுதான் லாபம். அதே ஆட்கள் 2018-ல் முழுதாக வெளியிட்டது உங்கள் பையன் ஆடும் ரெக்ஃபெஸ்ட். இதில் செட்டிங்கில் போய் சேதத்தை ரியலிஸ்டிக், அதாவது நிஜம் போல, என்று வைத்துவிட்டால் கணக்கே வேறு. எதிராளியை இடித்தால் உங்கள் வீலும் கோணும், இஞ்சின் புகையும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ரோல் கேஜும் (காருக்குள் பூட்டும் இரும்புக் குழாய்க் கூடு) கனமான பம்பரும் பூட்டிக்கொள்ளலாம், ஆனால் எடை கூடி வேகம் குறையும். மைதானத்தில் எல்லாரும் மோதிக்கொள்ளும் டெர்பி ஆட்டத்தில் விவரம் தெரிந்தவன் ரிவர்ஸில் வந்து பின்பக்கத்தால் இடிப்பான். அமெரிக்காவில் நிஜ டெர்பி ஓட்டுகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது, அது உடைந்தால் வண்டி நின்றுவிடும் என்பதால்.

என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். அவன் ஆடுவது பீம்என்ஜி டிரைவ், ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக் கம்பெனி செய்தது. அதில் காரை ஒரே கட்டியாகச் செய்யாமல், புள்ளிகளாகவும் அவற்றை இணைக்கும் கம்பிகளாகவும் பின்னியிருக்கிறார்கள். கயிற்றுக் கட்டில் மாதிரி, ஒரு மூலையில் அழுத்தினால் இன்னொரு மூலை இழுபடும். அந்த இழுவையை நொடிக்கு 2000 தடவை கணக்குப் போடுகிறது. இந்தப் பையன் காரை மோதவிட்டு, அதை ஸ்லோமோஷனில் பார்த்துக்கொண்டே இருப்பான்.

போன லீவுக்கு வந்திருந்தபோது பட்டறையில் ஒரு சின்னக் கார் நின்றது. பெருந்துறைக்கு முன்னால் சென்டர் மீடியனில் மோதிய வண்டி. வலது முன்பக்கம் பம்பர் தொங்குகிறது, ஹெட்லைட் தூள், டயருக்கு மேல் வரும் ஃபெண்டர் தகரம் மடங்கி டயரில் உரசுகிறது. நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கம் நிற்க, இவன் போய் அடியே படாத இடது பக்கம் குத்த வைத்து உட்கார்ந்தான். "மாமா, இங்க பாருங்க, பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல கேப்பு முன்னால ஒரு மாதிரி, பின்னால ஒரு மாதிரி இருக்குது. மூஞ்சி மொத்தமா இந்தப் பக்கம் நகந்திருக்குது" என்றான். டேப்பை எடுத்து, பானட்டுக்கு அடியில் இஞ்சினுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் ஏப்ரன் தகரத்தின் ஓட்டைகளுக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் அளந்தேன். எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். பல வருசம் வேலை பார்த்த கைகூட முதலில் நொறுங்கின இடத்துக்குத்தான் போகும். இவன் கண் அடி போய்ச் சேர்ந்த இடத்தைத் தேடியது. செயின் போட்டு இழுத்து நேராக்கிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டோம். அவனை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த வண்டியின் சேதத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் பக்கமிருந்து வந்த சர்வேயர் ஏப்ரன் வேலையை எழுத மாட்டேன் என்றுவிட்டார். "இடது பக்கம் அடியே இல்லையே, இது பழைய கோணல்" என்றார். டேப் பிடித்துக் காட்டியும் குனிந்து பார்க்கவில்லை. பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதிதான் கிடைத்தது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். தகரத்துக்கு வயசுக்குத் தகுந்த மாதிரி, முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, பத்து வருசம் தாண்டினால் பாதி. இப்போது காரின் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக்தான், அப்போது யாருக்கு லாபம்? ஜீரோ டெப், அதாவது தேய்மானம் பிடிக்காத பாலிசி, போடாத வண்டிக்காரர் கையிலிருந்து பணம் கட்டும்போது பாலிசி விற்றவரைக் கேட்பதில்லை, என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார். இதையெல்லாம் பாலிசி விற்கும்போதே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பையனிடம் சேதத்தை ரியலிஸ்டிக்கில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி ஏன் இடது பக்கம் இழுக்கிறது என்று கேளுங்கள், சந்தோசமாகச் சொல்வான். வேகத்தில் ஆசை இருந்தால் கோயமுத்தூர் பக்கம் செட்டிபாளையம் கரி ஸ்பீடுவேயில் ரேஸ் நடக்கும்போது கூட்டிப் போய்க் காட்டுங்கள். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோயமுத்தூர்க்காரர்தான்.

உங்களுக்குப் பயம் இருக்க வேண்டிய இடம் வேறு. எங்கள் பக்கம் ஒன்பதாவது படிக்கிற பையன் டியூசனுக்கு ஸ்கூட்டரில் போகிறான், பின்னால் தங்கச்சியை வேறு உட்கார வைத்துக்கொண்டு. சாவியைக் கொடுப்பது பெற்றவர்கள்தான். 2019 சட்டத் திருத்தப்படி வயது வராத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருசம் வரை ஜெயில், வண்டியின் பதிவும் ஒரு வருசத்துக்கு ரத்து. உங்கள் பையன் ஏற்கெனவே ஸ்கூட்டர் எடுக்கிறான் என்றால் கேமை விட்டுவிட்டு முதலில் அந்தச் சாவியை வாங்கி வையுங்கள்.