ஒரே டிவிடியில் பல பூட்: எந்த மெனு மென்பொருள்? கேள்வி பதில்

கேள்வி: டெபியன் லைவ் (நிறுவாமல் டிஸ்கிலிருந்தே ஓடும் லினக்ஸ்), சிஸ்டம்ரெஸ்க்யூ (பழுது பார்க்கும் லினக்ஸ்), மெம்டெஸ்ட் (ரேம் சோதனை) மூன்றையும் ஒரே டிவிடியில் போட வேண்டும். பூட் மெனுவுக்கு ஐசோலினக்ஸா, கிரப் 2-ஆ?

பதில்: மெனுவின் அழகைப் பார்க்காதீர்கள், டிவிடியை எந்தக் கணினியில் போடப்போகிறீர்கள் என்று பாருங்கள். பழைய பயாஸ் (கணினியை எழுப்பும் பழைய வகை ஃபர்ம்வேர்) கணினிகள் மட்டும் என்றால் ஐசோலினக்ஸ் போதும், கான்ஃபிக் கோப்பு பத்துப் பன்னிரண்டு வரியில் முடிந்துவிடும். யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புது வகை ஃபர்ம்வேர்) கணினி ஒன்று இருந்தாலும் கிரப் 2-க்குப் போங்கள். ஐசோலினக்ஸ் அதில் பூட் ஆகாது. கிரப்-எம்கேரெஸ்க்யூ கட்டளை பயாஸ், யுஇஎஃப்ஐ இரண்டுக்கும் சேர்த்தே ஐஎஸ்ஓ (டிவிடியில் எழுத வேண்டிய முழு டிஸ்கின் ஒற்றைக் கோப்பு) செய்து தரும். டெபியனில் அதற்கு கிரப்-பிசி-பின், கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64-பின், சோரிஸோ, எம்டூல்ஸ் ஆகிய நான்கு பொதிகளும் வேண்டும். முதலாவதை விட்டுவிட்டால் ஐஎஸ்ஓ ஒழுங்காக உருவானது போலவே இருக்கும், பயாஸில் மட்டும் எழாது. செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாததை எழவிடாத யுஇஎஃப்ஐ பாதுகாப்பு) அணைத்துவிடுங்கள், இப்படிச் செய்த கிரப்பில் கையொப்பம் இருக்காது.

கேள்வி: சார், மெனு வருகிறது, கெர்னலும் ஏறுகிறது. பிறகு லைவ் கோப்புகள் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. மெனு மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கெர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) இனிட்ஆர்டியையும் (அதோடு ஏறும் சின்னத் தொடக்க அமைப்பு) ஏற்றியதோடு மெனுவின் வேலை முடிந்தது. அதன்பின் இனிட்ஆர்டிதான் டிஸ்கில் தன் கோப்புகளைத் தேடுகிறது. டெபியன் லைவ் தேடுவது 'லைவ்' என்ற ஃபோல்டரை. டெபியன் வழி லைவ் டிஸ்க் இரண்டைப் போட்டால் இரண்டுக்கும் அதே பெயர், மோதும். ஒன்றின் ஃபோல்டர் பெயரை மாற்றி, கெர்னல் வரியில் லைவ்-மீடியா-பாத் என்று புதுப் பெயரைக் கொடுங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ தேடுவது டிஸ்கின் லேபிளை, அதாவது டிஸ்குக்கு வைத்த பெயரை. அதன் பழைய லேபிள் கெர்னல் வரியில் ஆர்ச்ஐசோலேபிள் என்ற இடத்தில் இருக்கும். அங்கே உங்கள் டிவிடியின் லேபிளை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்.

ஐஎஸ்ஓவை முழுதாக மெம்டிஸ்க் (இமேஜை ரேமில் ஏற்றி டிரைவ் போலக் காட்டும் கருவி) வழியே ஓட்டினாலும் இதே கதிதான். மெம்டிஸ்க் காட்டும் போலி டிரைவ் பயாஸ் அழைப்புகளுக்கு மட்டும் தெரியும். லினக்ஸ் கெர்னல் எழுந்ததும் அந்த அழைப்புகளை விட்டுவிடுகிறது. டாஸ் ஃப்ளாப்பி இமேஜுக்கு மெம்டிஸ்க் அருமையானது, லைவ் லினக்ஸுக்கு அல்ல.

கேள்வி: ஐசோலினக்ஸில் மெம்டெஸ்ட்.பின் மட்டும் ஓடவில்லை, மற்றவை ஓடுகின்றன.

பதில்: '.பின்' வாலை வெட்டிவிட்டு வெறும் 'மெம்டெஸ்ட்' என்று வையுங்கள். அந்த வால் இருந்தால் ஐசோலினக்ஸ் அதை சிடி பூட் செக்டர் என்று எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அண்ணா, எல்டிலினக்ஸ்.சி32 ஏறவில்லை என்கிறது.

பதில்: ஐசோலினக்ஸின் 5-ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பும் ஐசோலினக்ஸ்.பின்னும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மெனு.சி32-க்கு லிப்யூட்டில்.சி32-உம் தேவை. எல்லாம் ஒரே பதிப்பின் பொதியிலிருந்து எடுத்தவையா என்று பாருங்கள். 4-ஐயும் 6-ஐயும் கலந்தால் இப்படித்தான் மக்கர் பண்ணும். ஐஎஸ்ஓ செய்யும்போது நோ-எமுல்-பூட், பூட்-லோட்-சைஸ் 4, பூட்-இன்ஃபோ-டேபிள் மூன்றும் கட்டளையில் இருக்கட்டும். 4 என்பது 512 பைட் கணக்கில், அதாவது 2048 பைட். மீதியை ஐசோலினக்ஸ் தானே படித்துக்கொள்ளும்.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு, ஐஎஸ்ஓக்களை அப்படியே போட்டு பூட் செய்யும் வென்டாய் போதாதா?

பதில்: யுஎஸ்பி என்றால் வென்டாயே போதும். டிவிடியில் எழுத அது ஆகாது.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் டிவிடி வீணாகிறது.

பதில்: எழுதும் முன் க்யூஇஎம்யூவில் (கணினிக்குள் போலிக் கணினி ஓட்டும் மென்பொருள்) ஓட்டுங்கள், ஒரு முறை சாதாரணமாக (பயாஸ்), மறுமுறை ஓவிஎம்எஃப் என்ற யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோடு. இரண்டிலும் ஒவ்வொரு மெனு வரியையும் அது முழுதாக எழும்வரை போய்ப் பாருங்கள். எழுதும்போது ஐஎஸ்ஓவை 'இமேஜ்' ஆக எழுதுங்கள். கோப்பாக இழுத்துப் போட்டால் டிவிடிக்குள் ஒற்றை ஐஎஸ்ஓ கோப்புதான் இருக்கும், பூட் ஆகாது.