ஓதம் காயாமல் பெயிண்ட் வேண்டாம்

வணக்கம். இலவச டியூஷன் நடக்கும் அறக்கட்டளை அறையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்துப் பேர் சேர்ந்து புதுசாக்க நினைக்கிறீர்கள், ஆனால் சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் உரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். நிறம் தேர்ந்தெடுப்பதை ஒத்திவையுங்கள். ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், ஓதம், அதாவது சுவருக்குள் ஊறிய ஈரம், உள்ளே இருக்கிறது. அதன்மேல் பட்டி (சுவரைச் சமமாக்கும் பூச்சு) பார்த்து எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் அப்பளம் மாதிரி எழும்பிவிடும். ஒரு நூலக அறையில் இதைச் செய்து, மூன்றே மாதத்தில் நாங்கள் அசடு வழிந்தோம்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பார்த்து அடையுங்கள். பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி, பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்தெடுங்கள். சுவர் காய்ந்ததும் சுண்ணாம்பு அடிக்கலாம். மிச்ச ஈரம் அதன் வழியே வெளியேறும், செலவும் குறைவு. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சின்னப் பிள்ளைகள் கையில் பிரஷ் கொடுக்காதீர்கள்.

அப்புறம், சுரண்டும் வேலையை ஒரு ஞாயிறும் அடிக்கும் வேலையை இன்னொரு ஞாயிறும் வையுங்கள். வாடகை இடமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.