மாண்டிசோரி பலகையும் பால்வாடிப் பாயும்: சின்னப் பிள்ளைகளின் படிப்பு பற்றிக் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மஞ்சக்குப்பத்தில் 26 வருஷம் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். இப்போது புதிதாக வரும் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அப்பா: எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பள்ளிகளில் ‘மாண்டிசோரி’ என்று பலகை இருக்கிறது டீச்சர். ஒன்றில் கட்டணம் மற்றதைவிட மூன்று மடங்கு. எது உண்மையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது தம்பி. மாண்டிசோரி என்பது, பிள்ளைகள் சாமான்களைத் தாங்களே எடுத்து வேலை செய்து கற்றுக்கொள்ளும் ஒரு முறை. அந்தப் பெயருக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. அமெரிக்காவில் 1967லேயே, இது பொதுப் பெயர், ஒருவருடைய வணிக முத்திரையாக இருக்க முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம்.

உள்ளே ஒரு மூலையில் அரைமணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கிறார்களா? அலமாரி பிள்ளைகளின் கைக்கு எட்டுகிறதா? நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடித்து எல்லோரையும் எழுப்புகிறார்களா, அல்லது காலையில் இரண்டரை, மூன்று மணி நேரம் தொடர்ச்சியாக விடுகிறார்களா? இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று இருக்கும். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து மரக் கனசதுரங்கள். அது புதுக் கருக்கு மாறாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மூலை தேய்ந்து, பெயிண்ட் அங்கங்கே போயிருந்தால் பிள்ளைகளின் கை அதில் படுகிறது என்று அர்த்தம். கட்டணத்தை அதற்கப்புறம் பாருங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா: இதெல்லாம் வசதியானவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே டீச்சர்? எங்களை மாதிரிக் கடலுக்குப் போகிற குடும்பத்துக்கு எதற்கு?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். இது தொடங்கியதே உங்களை மாதிரி வீட்டுப் பிள்ளைகளிடம்தான் அம்மா.

1907 ஜனவரி 6. ரோம் நகரத்தில் சான் லொரென்ஸோ என்ற ஏழைகள் குடியிருப்பு. அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் மாடிப்படியிலும் முற்றத்திலும் சுற்றிக்கொண்டு சுவரை எல்லாம் பாழாக்கினார்கள். கட்டடம் கெடாமல் இருக்க வேண்டும் என்று, கட்டடத்துக்காரர்கள் ஒரு அறையை ஒதுக்கி, மரியா மாண்டிசோரி என்ற டாக்டரம்மாவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த அறைக்கு வைத்த பெயர் ‘பிள்ளைகளின் வீடு’. அதற்கு முன்பு அவர் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகச் செய்து பார்த்த மரச் சாமான்களைத்தான் இங்கேயும் கொண்டுவந்து வைத்தார். எந்தப் பிள்ளை எதை எடுக்கிறது, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது, எப்போது கீழே வைக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். பொம்மையை விட்டுவிட்டுப் பிள்ளைகள் இந்தச் சாமான்களிடமே திரும்பத் திரும்பப் போனார்கள். அவருடைய முறை முழுக்க அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தது.

அங்கிருந்து அது வேகமாகப் பரவியது. 1915ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வகுப்பறை நடத்தினார்கள். வெளியே ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்க, உள்ளே பிள்ளைகள் தலை நிமிராமல் வேலை செய்தார்கள். ஆனால் சில வருஷத்திலேயே அமெரிக்காவில் அந்த ஆர்வம் அடங்கிப்போய், 1960 வாக்கில்தான் மறுபடி துளிர்த்தது. அப்போது பெரும்பாலும் தனியார் பள்ளிகள் வழியாக வந்தது. காசுக்காரர்கள் சங்கதி என்ற பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது.

நம் பக்கம் வந்த கதை வேறு. 1939ல் பிரம்மஞான சபையார் அழைத்து, மாண்டிசோரி அம்மையார் தன் மகன் மாரியோவோடு அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. கீற்றுக் கொட்டகை போட்டுப் பயிற்சி நடந்தது. 300 பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த வருஷம் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு மாரியோவைக் காவலில் வைத்தது, அம்மாவைச் சபை வளாகத்தை விட்டுப் போகக் கூடாது என்றது. அவருடைய 70வது பிறந்தநாளுக்குத்தான் மகனை விடுதலை செய்தார்கள். அப்புறம் கொடைக்கானலில் இரண்டு வருஷம். ஊர் திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு இந்தியாவில் பயிற்சி கொடுத்திருந்தார். உங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்தால் ஒரே நாளில் போய் வரக்கூடிய இடத்தில் நடந்தது இது. எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள்.

அண்ணாமலைநகரிலிருந்து ஒரு பி.எட். மாணவி: கிண்டர்கார்டனும் மாண்டிசோரியும் ஒன்றா மேடம்? நாடு நாடாக எப்படிப் பரவின?

ஒன்றில்லை. கிண்டர்கார்டன் எழுபது வருஷம் மூத்தது. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1837ல் தொடங்கி, 1840ல் ‘பிள்ளைகளின் தோட்டம்’ என்று பொருள் வரும் அந்தப் பெயரை வைத்தார். நூல் பந்து, மர உருண்டை, கன சதுரம், உருளை என்று வரிசையாக விளையாட்டுச் சாமான்கள் செய்தார். அவருக்கு விளையாட்டும் பாட்டும் கதையும் முக்கியம். மாண்டிசோரிக்கு நிஜ வேலை முக்கியம்: தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, தரை துடைப்பது.

பரவிய விதத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவாய் அம்மா. 1851ல் பிரஷ்யா என்ற ஜெர்மன் நாட்டின் அரசு கிண்டர்கார்டனைத் தடை செய்தது. ஃப்ரோபெலின் உறவினர் ஒருவருடைய அரசியல் கருத்துகளை இவர் தலையில் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். மறு வருஷமே அவர் இறந்துபோனார். தடை நீங்கியது 1860ல். ஆனால் 1848 புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன ஜெர்மானியர்கள் அதைத் தங்களோடு கொண்டுபோயிருந்தார்கள். 1856ல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் மார்கரெத்தே ஷூர்ஸ் தன் வீட்டிலேயே சொந்தக்காரப் பிள்ளைகளைக் கூட்டி நடத்தினார். 1873ல் செயின்ட் லூயி நகரத்தில் சூசன் ப்ளோ அதை அரசுப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1876ல் ஜப்பான் டோக்கியோவில் தொடங்கியது.

இன்னொன்றும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ல், இத்தாலியில் ரெஜியோ எமிலியா பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், ஜெர்மன் படை விட்டுப்போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். செங்கல்லை அவர்களே சுமந்தார்கள். லோரிஸ் மாலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளில் பார்க்கப் போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். இன்று ‘ரெஜியோ முறை’ என்று உலகமே பேசுவது அங்கே முளைத்ததுதான். எழுதும்போது வருஷங்களை மட்டும் எழுதாதே, இந்த மனிதர்களையும் எழுது.

பண்ருட்டிப் பக்கம் ஒரு அங்கன்வாடிப் பணியாளர்: 24 பிள்ளைகள், ஒரே அறை அக்கா. மரச் சாமான் வாங்கப் பணமில்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

உங்களுக்கு முன்னே இதே கேள்வியோடு நின்றவர் தாராபாய் மோடக். குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920ல் தொடங்கிய பாலமந்திர் என்ற சின்னப் பிள்ளைகள் பள்ளியில் பிற்பாடு சேர்ந்து அவரோடு வேலை செய்தவர். மாண்டிசோரி சாமான்களின் விலை கிராமத்துக்கு ஒத்துவராது என்று கண்டு, 1945ல் மராட்டியக் கடற்கரையில் போர்டி கிராமத்துக்குப் போனார். அனுதாய் வாக் கூடச் சேர்ந்தார். கூழாங்கல், விதை, இலை, களிமண் என்று அங்கே கிடைத்ததையே சாமான் ஆக்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியைப் பிள்ளைகளின் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். முற்றத்துப் பள்ளி, அதாவது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தபோது அந்தப் பெயர் நாடு முழுக்கப் போனது. நீங்கள் வாங்குகிற சம்பளப் பட்டியலில் இருக்கிற சொல் அங்கே பிறந்தது.

உங்கள் ஊரில் பலாக்கொட்டை இருக்கும்போது என்ன கவலை? நன்றாகக் கழுவி, நாலு நாள் வெயிலில் காய வையுங்கள். பெரியது சின்னது பிரிக்க, ஐந்து ஐந்தாக அடுக்க, தட்டில் அள்ளிப் போட அதைவிட நல்ல சாமான் கிடையாது. புளியங்கொட்டை மூன்று வயதுக்கு மேல் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். பச்சை முந்திரிக்கொட்டையைத் தொடவே விடாதீர்கள், ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். 24 பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வேலை கொடுக்க வேண்டியதில்லை. ஆறு கோரைப்பாயை விரித்து ஆறு வேலை வையுங்கள். மூத்த பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

நெய்வேலியிலிருந்து ஒரு அம்மா: என் மகளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் ‘அ’ முதல் ‘ஃ’ வரை எழுதுகிறான். இவள் பென்சிலையே தொடமாட்டேன் என்கிறாள். விட்டுவிடுவதா?

பென்சிலை விட்டுவிடுங்கள், விரலை விடாதீர்கள். உப்புத்தாளில் ‘அ’ வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். இரண்டு விரலால், எழுதுகிற திசையிலேயே தடவட்டும். தடவும்போது ஒலியைச் சொல்லுங்கள். எழுத்தின் உருவம் கைக்குள் போய்விட்டால், பென்சில் பிடிக்கும் பலம் வரும்போது அதுவாக வெளியே வரும். சான் லொரென்ஸோ பிள்ளைகள் இப்படித் தடவிக்கொண்டிருந்து, ஒருநாள் சாக்பீஸ் கிடைத்ததும் தரையெல்லாம் எழுத ஆரம்பித்தார்கள்.

நம் தாத்தாக்கள் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியதும் இந்த வேலைதான். அதுவும் கடல் தாண்டிப் போயிருக்கிறது. எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளின் பள்ளியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதையும், மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் தன் பள்ளியில் வைத்து, 1797ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஆனால் அங்கே ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைத்து, உத்தரவு போட்டு நடத்தும் பாடமாகிவிட்டது. மணல் போய்ச் சேர்ந்தது, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த நெருக்கம் போய்ச் சேரவில்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர்: பேரன் பிரான்சில் மூன்று வயதில் ‘எகோல் மத்தெர்நெல்’ என்ற பாலர் பள்ளிக்குப் போகிறான். ஃபின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளி என்கிறார்கள். எது சரி?

ஐயா, பிரான்சில் அந்தப் பெயர் 1881லிருந்து இருக்கிறது. 2019 முதல் மூன்று வயதிலேயே கட்டாயம். ஃபின்லாந்தில் ஒன்றாம் வகுப்பு ஏழு வயதில்தான், ஆனால் அதற்கு முன்னாலும் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. காப்பகத்தில் விளையாட்டு, பாட்டு, காட்டில் நடை. ஆறு வயதில் ஒரு வருஷம் முன்தொடக்கப் படிப்பு 2015 முதல் கட்டாயம். எந்த வயதில் பள்ளி என்பதைவிட அந்த வயதில் என்ன செய்ய வைக்கிறார்கள் என்று கேளுங்கள். நியூசிலாந்து 1996ல் போட்ட முன்பருவப் பாடத்திட்டத்துக்கு மாவோரி மொழியில் ‘பின்னிய பாய்’ என்று பெயர். ஊருக்கு ஊர் பாயை வேறு மாதிரிப் பின்னிக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அப்பா: இஷ்டத்துக்கு விட்டால் ஒன்றாம் வகுப்பில் தவிக்க மாட்டார்களா?

இஷ்டத்துக்கு விடுவது இல்லை சார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், அடுத்தவர் பாயை மிதிக்கக் கூடாது. இந்த இரண்டையும் மூன்று வயதுப் பிள்ளை கடைப்பிடிப்பது சின்ன விஷயமா? அமெரிக்காவில் மிச்சிகனில் 1962ல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேர். அதில் 58 பேருக்குத்தான் பாலர் பள்ளி. அந்தப் பள்ளியில், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று பிள்ளையே சொல்லும், செய்யும், பிறகு செய்ததைச் சொல்லும். 40 வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் நல்ல சம்பளம் வாங்கியவர்களும் பாலர் பள்ளிக்குப் போன இவர்களில்தான் அதிகம். வாராவாரம் ஆசிரியை வீட்டுக்கு வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் இந்த வழிதான். ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் பாட அட்டைகளைப் பார்த்து வந்தது.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு புது ஆசிரியை: ஆரம்பத்தில் நீங்கள் செய்த தவறு ஏதாவது உண்டா அக்கா? வீட்டிலிருக்கும் என் மூன்று வயதுப் பையனுக்கு நாளைக்கே எதைத் தொடங்கலாம்?

உண்டு. முதல் வருஷம், ஒரு சின்னப் பள்ளி. ஒரு பெண்பிள்ளை மர உருளைகளைக் குழிகளில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசி உருளை கடைசிக் குழிக்குள் போகவில்லை, எங்கோ ஒன்று மாறியிருந்தது. அந்த உருளையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பொறுக்காமல் கை நீட்டி, தப்பான உருளையை எடுத்துச் சரியான குழியில் வைத்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். அந்த வருஷம் முழுக்க அந்தக் கட்டையைத் தொடவில்லை. இன்றும் பயிற்சிக்கு வருகிறவர்களை முதல் வாரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறேன்.

நாளைக்கு ஒரு தட்டு, அதில் அவன் கையளவுக்கு ஒரு சின்னச் சொம்பு, ஒரு டம்ளர், ஒரு துணி. சொம்பில் அரைவாசித் தண்ணீர். நீ ஒருமுறை பேசாமல், மெதுவாக ஊற்றிக் காட்டு. அப்புறம் தள்ளி உட்கார். சிந்தும். துணி அங்கேயே இருக்கிறது, எடுத்துத் துடைக்கிறானா என்று பார்த்துக்கொண்டிரு.