படகேறித்தான் எல்லாம்

கேள்வி: பிச்சாவரம் படகுச் சவாரியில் பார்த்த திட்டுகளில் எப்போதாவது ஆட்கள் குடியிருந்தார்களா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: சுரபுன்னை (மாங்குரோவ்) காட்டுக்குள் இல்லை, அதைத் தாண்டிக் கடலோர மணலில் இருந்தார்கள். எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு எல்லாம் மீனவர் குப்பங்கள்தான். முன்னால் கடல், பின்னால் உப்பங்கழி, அதனால் அரிசி மூட்டையோ, பிள்ளைத்தாய்ச்சியோ, பெண் பார்க்க வரும் சம்பந்தி வீட்டாரோ, யாராக இருந்தாலும் படகேறித்தான் ஆகவேண்டியிருந்தது. பஞ்சாயத்து, ரேஷன் எல்லாம் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிள்ளை என்ற ஊர்ப் பக்கம். வெள்ளை வேட்டியோடு வரும் மாப்பிள்ளையும் முழங்கால் சேற்றில்தான் இறங்குவார், பாவம்! 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. வெட்டவெளியில் இருந்த இந்தத் திட்டுகள்தான் சிதைந்தன. அப்புறம் பலர் கிள்ளைப் பக்கமே வந்துவிட்டார்கள். தொழில் மட்டும் இன்னும் அதே தண்ணீரில்தான்.