வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அறிவியல் புனைகதைகளில் மனிதர்களைக் குடுவையில் வளர்த்து, கொடுத்த வேலையை ரசிக்கும்படியே பழக்கிவிடுகிறார்கள். அவர்களே சந்தோஷமாக இருக்கும்போது அதில் என்ன தப்பு?

பதில்: அந்தச் சந்தோஷத்தை யார் தயாரித்தது என்பதுதான் சிக்கல். ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதி 1932-இல் வெளியான ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் ஒரே கருமுட்டையிலிருந்து 96 பேர் வரை உருவாக்குவார்கள். கீழ்த்தட்டுக் கருவுக்கு ஆக்சிஜனைக் குறைப்பார்கள், அப்புறம் தவழும் குழந்தைகள் புத்தகத்தையும் பூவையும் தொட்டால் சைரன் அலறும், மின்சார அதிர்ச்சி வேறு, இப்படி வளர்ந்தவர் ‘எனக்குப் புத்தகம் பிடிக்காது’ என்றால் அதைச் சம்மதமாக எப்படி எடுத்துக்கொள்வது? எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளைப் பழக்கத்தானே செய்கிறார்கள் என்பீர்கள். சரி, ஆனால் அந்தப் பிள்ளை பிறகு எதிர்த்துப் பேசலாம். இங்கே எதிர்க்கும் திறனையே முதலில் எடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், குடுவையில் பிறப்பது பிரச்சினையே இல்லை.