யூரியா மூட்டையிலிருந்து காற்றில் போவது

கேள்வி: வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான் போடுகிறோம். அப்படியும் தழைச்சத்து காற்றில் போய்விடும் என்கிறார்களே? (ஆர்.எஸ்.மங்கலம் வாசகர்)

போகத்தான் செய்யும். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. ஈரம் பட்டதும் மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்கும். குருணையைச் சுற்றிக் காரம் ஏறி, அமோனியா வாயுவாகக் கிளம்பும். வேப்பெண்ணெய் இந்த நொதியைத் தடுப்பதில்லை. அடுத்த கட்டமாக அமோனியம், நைட்ரேட்டாக மாறுவதைத்தான் தாமதப்படுத்துகிறது. பூச்சு இருக்கிறதே என்று மெத்தனமாக இருப்பதுதான் தப்பு.

பனி ஈரத்திலோ தூறலிலோ தூவிவிட்டு வெயிலில் விடுவதைப்போல மோசம் வேறில்லை. யூரியா கரைய அந்த ஈரம் போதும், மண்ணுக்குள் இறங்கப் போதாது. கடற்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அரை அங்குல மழையாவது உறுதி என்றால் தூவுங்கள். நெல் வயலில் தேங்கிய தண்ணீரில் வீசாதீர்கள்: பாசி பகலில் கரியமில வாயுவை இழுப்பதால் தண்ணீரின் பி.எச். (கார-அமில அளவு) 9 வரை ஏறும். வடித்து, சேறு லேசாக இறுகியதும் தூவி, அன்றே தண்ணீர் கட்டுங்கள். மிளகாய்க்கு 5 செ.மீ. ஆழத்தில் வைத்து மண்ணை மூடுங்கள். சாம்பல் கலக்காதீர்கள், அது காரம்.

கேள்வி: காற்றில் அமோனியா கூடிவருகிறதா? 2019-இல் இங்கே கடல் பச்சையாகி மீன் செத்ததும் அதனால்தானா? (மண்டபம் வாசகர்)

உலக அளவில் கூடுகிறது. செயற்கைக்கோள் வரைபடங்களில் மிக அடர்த்தியாகத் தெரிவது கங்கைச் சமவெளி. இதில் ஒரு வேடிக்கை: கந்தகப் புகையைக் குறைத்த இடங்களில், உமிழ்வு பெரிதாகக் கூடாமலே அமோனியா வாயு கூடியது. அதைப் பிடித்து உப்பாக்கும் அமிலம் குறைந்துவிட்டதே! அமெரிக்காவில் வாகன, மின்நிலையப் புகை குறைந்து, மண்ணில் படியும் நைட்ரஜனில் (தழைச்சத்தில்) இப்போது அமோனியா வகையே மிகுதி.

காற்றில் அமோனியாவுக்கு நம் நாட்டின் 2009 தரம் ஆண்டுச் சராசரியாக கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். சூழலியல் ரீதியில் மென்மையான பகுதிக்கும் அதே அளவுதான். ஐரோப்பாவில், மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கன்களைக் காக்க வகுத்த வரம்பு 1. நம் தரத்தில் இவ்வளவு தாராளம் தேவையில்லை.

2019-க்குக் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று பெருகியது நாக்டிலூக்கா. உடம்புக்குள் அமோனியாவைச் சேர்த்து வைத்து மிதக்கும் நுண்ணுயிர். கூட்டமாக மடியும்போது அதை வெளிவிடும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். வயலில் கிளம்பும் வாயுவில் கணிசமான பங்கு அக்கம்பக்கத்திலேயே படிந்துவிடும். உப்புத் துகளானது மட்டுமே வாடைக்காற்றோடு நெடுந்தூரம் வரும்.

கேள்வி: இறால் குளத்தில் காலையில் சரியாக இருந்த அமோனியா பிற்பகலில் நஞ்சாவதேன்? (தொண்டி வாசகர்)

மொத்த அளவு மாறவில்லை; பாசியால் பகலில் பி.எச். ஏற, வடிவம் மாறுகிறது. 30 டிகிரியில் பி.எச். 8 என்றால் நச்சு வடிவம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 9 என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. பிற்பகல் 3 மணிக்கும் பி.எச். பாருங்கள், அந்நேரம் சுண்ணாம்பு போடாதீர்கள், தீவனத்தைக் குறையுங்கள்.